கம்பியில்லாமல் ஏறிய ஆறு சதவீதம்

செல்போனும் கணினியும் பழுது பார்க்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குச் சால்டர் பிடிப்பதைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. அதில் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஒருவர் அழுதுகொண்டு நிற்கும்போது இந்தப் பக்கம் இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். அதில் எனக்கு இரண்டு நாட்கள் நன்றாக நினைவிருக்கின்றன. இரண்டிலும் நான் தப்பு செய்திருக்கிறேன்.

1993இல் விழுப்புரத்தில் ஒரு கணினி மையத்தில் சேர்ந்தேன். டைப்ரைட்டிங் தெரிந்த பெண் வேண்டும் என்று போர்டு வைத்திருந்தார்கள், போனேன். மூன்று வருடத்தில் டைப் அடிப்பதைவிடப் பெட்டியைத் திறந்து பார்ப்பதில்தான் எனக்கு ஆசை என்று முதலாளிக்குத் தெரிந்துவிட்டது. ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து, "கெடுத்தா சம்பளத்துல பிடிக்க மாட்டேன், ஆனா என்னா பண்ணன்னு மறைக்காம சொல்லணும்" என்றார். அதுதான் எனக்குக் கிடைத்த படிப்பு.

ஒரு நாள் அவர் பாண்டிச்சேரி போயிருந்தபோது ஊரில் சிறிய மருத்துவமனை நடத்திய ஒரு டாக்டரம்மா தன் கணினியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஆன் செய்தால் ஹார்டு டிஸ்க்கிலிருந்து டக், டக் என்று சத்தம். நோயாளிகளின் விவரம் முழுவதும் அதில்தான் இருந்தது. யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, யாருக்கு முதல் பிரசவத்தில் என்ன சிக்கல் என்பதெல்லாம். இரண்டு வருடமாகக் கூலிக்கு ஆள் வைத்து ஏற்றியது. வேறு நகல் இல்லை.

அந்தச் சத்தம் கேட்டவுடன் நிறுத்தியிருக்க வேண்டும். எனக்கு அது தெரிந்தும் இருந்தது. ஆனால் அவர் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "இன்னொரு தடவை போட்டுப் பாரும்மா, போன வாரம் அப்படித்தான் வந்துச்சு" என்றார். போட்டேன். வரவில்லை. "இன்னும் ஒரே தடவை" என்றார். போட்டேன். பெரிய மனுஷி கேட்கிறார், சின்னப் பெண் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? பதினான்கு தடவை போட்டேன். பதினைந்தாவது தடவை அந்தச் சத்தமும் நின்றுபோயிற்று.

முதலாளி வந்து டிஸ்க்கைச் சென்னைக்கு அனுப்பினார். டிஸ்க்குக்குள் படிக்கும் ஊசி தகட்டைச் சுரண்டித் தீர்த்துவிட்டது, முதல் தடவையோடு விட்டிருந்தால் ஏதாவது எடுத்திருக்கலாம் என்று பதில் வந்தது. டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. அடுத்த மாதம் நான் காய்ச்சலுக்கு அங்கே போனபோது, வரிசையில் இருந்த ஒவ்வொருவரிடமும் "உனக்கு எந்த மாத்திரை சேராது?" என்று முதலிலிருந்து கேட்டு ஒரு நீள நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். என் முறை வந்தபோது என்னிடமும் கேட்டார்.

இது முதல் நாள். பதற்றத்தில் அடுத்தவர் சொல்வதைச் செய்வது உதவி அல்ல என்று அன்று தெரிந்துகொண்டேன். அடுத்த இருபது வருடம் அது என்னைக் காப்பாற்றியது. ஆனால் வேறொரு தப்பு செய்ய இடம் இருந்தது.

பிறகு திண்டிவனத்தில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சொந்தமாகக் கடை போட்டேன். பிளாப்பி போய் சிடி வந்தது, சிடி போய் பென் டிரைவ் வந்தது, கணினிகளைவிடச் செல்போன்கள் அதிகமாக வர ஆரம்பித்தன. விரல் நகத்தளவு மெமரி கார்டில் ஒரு கல்யாணமே அடங்கியது. அந்தக் காலம் நமக்கு வசதி. போன் செத்தாலும் கார்டைக் கழற்றி வேறொன்றில் போட்டால் எல்லாம் கிடைக்கும். அப்புறம் கார்டு போட இடமே இல்லாத போன்கள் வந்தன. சேமிப்புச் சில்லைப் போனின் சர்க்யூட் பலகையோடு ஒட்டி, உள்ளே இருப்பதைப் பூட்டியும் வைத்தார்கள். சில்லைப் பிரித்தெடுத்தாலும் படிக்க முடியாது. அந்தப் போனையே உயிரோடு எழுப்பினால்தான் உண்டு. திருடனுக்கு நல்ல பூட்டு. நமக்கும் அதே பூட்டுதான்.

அப்படி ஒரு போன் 2016 வாக்கில் ஒரு திங்கட்கிழமை என் கடைக்கு வந்தது. கொண்டுவந்தவர் மரக்காணம் பக்கத்தில் ஒரு கடலோரக் குப்பத்தைச் சேர்ந்த குணசேகரன். பைபர் போட்டு, அதாவது கண்ணாடியிழைப் படகு, வைத்து மீன் பிடிப்பவர். துபாயில் இருந்த தம்பி அனுப்பிய விலையுயர்ந்த போன், பின்பக்கமும் கண்ணாடி. படகில் தேங்கிய உப்புத் தண்ணீரில் விழுந்து எழுந்திருந்தது.

"ஓடுதுங்க. சார்ஜு மட்டும் ஏற மாட்டேங்குது" என்றார்.

ஓடத்தான் செய்தது. எட்டு சதவீதம் சார்ஜ் மிச்சம் இருந்தது. சார்ஜர் சொருகும் துளைக்குள் பச்சையாகப் பூத்திருந்தது. அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டும், சென்னையிலிருந்து வர வெள்ளிக்கிழமை ஆகும் என்றேன்.

"உள்ள முக்கியமானது ஏதாவது இருக்குதா? இருந்தா முதல்ல காப்பி எடுத்து வெச்சிடலாம்."

அவர் கொஞ்சம் தயங்கினார். "இருக்குதுங்க. பாயிண்டு. கடல்ல எங்கங்க வலை போடறதுன்னு ஜிபிஎஸ்ல வெச்சிருக்கறத போட்டோ புடிச்சி வெச்சிருக்கேன். முன்ன ஒரு ஜிபிஎஸ் செத்துப்போயி எல்லாம் பூட்ச்சி. அதனால தான்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "எங்க அப்பா காலத்துப் பாருங்க அதெல்லாம். யாரும் பாக்க வேணாம்."

பார் என்பது கடலடியில் மீன் கூடும் பாறைத் திட்டு. அதைத் தெரிந்து வைத்திருப்பது அவர்களுக்கு நிலம் வைத்திருப்பது போல.

நான் சொல்லியிருக்கலாம். "நீங்களே உக்காந்து, நீங்களே உங்க கையால எடுங்க, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்" என்று. எட்டு சதவீதம் போதும். பத்து நிமிட வேலை. கடையில் நாலு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள், எனக்குப் பசி. "சரிங்க, நான் தொடல" என்று போனை அணைத்து ரசீது எழுதிக் கொடுத்துவிட்டேன். அவருடைய ரகசியத்தை மதிப்பதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் சோம்பல்.

வியாழக்கிழமை காலை எட்டரைக்குக் கடையைத் திறந்துகொண்டிருந்தேன். ஒரு பைக் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் பழனி, பின்னால் அவருடைய தங்கை அமுதா. குணசேகரனின் மனைவி. அவளுக்கு முப்பது வயது இருக்கும். கையில் நான் எழுதிக் கொடுத்த ரசீது.

"அக்கா, அவரு இன்னும் வரல" என்றாள்.

முதலில் எனக்குப் புரியவில்லை. பழனிதான் சொன்னார். முந்தின நாள் விடியலுக்கு முன்பே மூன்று பேர் கடலுக்குப் போயிருக்கிறார்கள். குணசேகரன், அவருடைய சித்தப்பா மகன் வேலு, வயதில் மூத்தவரான ஏழுமலை. மதியத்துக்குள் திரும்ப வேண்டியவர்கள். பத்து மணிக்கு வாடைக்காற்று கிளம்பி மற்ற படகுகள் எல்லாம் கரை ஏறிவிட்டன. இவர்கள் வரவில்லை. ஏழுமலையிடம் இருந்த சின்ன போன் அணைந்து கிடக்கிறது.

"விடியக்காலையே பதினோரு போட்டு தேடப் போய்க்கினு இருக்குதுங்க. கடலோரப் போலீசுக்கும் தகவல் சொல்லிட்டோம். ஆனா எந்தப் பக்கம்னு தேடறது? மச்சான் எந்தப் பாருக்குப் போறாருன்னு எங்க யாருக்கும் தெரியாது. நம்பரு அந்தப் போன்ல தான் இருக்குதுன்னு இவ சொல்றா. ஜல்தியா எடுத்துக் குடுங்க."

போனை எடுத்து அழுத்தினேன். எழவில்லை. உப்பு உள்ளே எங்கேயோ கசிந்து மிச்சச் சார்ஜைக் குடித்துவிட்டிருந்தது.

என்னிடம் மூன்று வழிகள் இருந்தன. துளையைச் சுரண்டி, சார்ஜரைச் சொருகி மின்சாரத்தை ஏற்றிப் பார்ப்பது. உடனே செய்யலாம். ஆனால் அந்தப் பச்சைக்குள் எது எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று தெரியாது. ஒரு பொறி பறந்தால் பலகை போய்விடும், பலகையோடு பாயிண்டும். இரண்டாவது, பின்கண்ணாடியைச் சூடாக்கிப் பெயர்த்து பேட்டரிக்கு நேராக மின்சாரம் கொடுப்பது. அந்த மாதிரி போனை அதுவரை இரண்டு தான் திறந்திருந்தேன், அதில் ஒன்றில் திரைக்குப் போகும் பட்டையை அறுத்துவிட்டேன்.

மூன்றாவது, கோட்டக்குப்பத்தில் இருந்தது.

துபாயில் இருந்து திரும்பி வந்துவிட்ட காதர் பாய் என் பழைய வாடிக்கையாளர். இன்னும் அங்கேயே இருந்த அவருடைய மகன் ஒரு வட்டத் தட்டு அனுப்பியிருந்தான். போனை அதன்மேல் வைத்தால் போதும், ஒயர் சொருகாமலே சார்ஜ் ஏறும். ஏறவில்லை என்று ஒரு தடவை என்னிடம் கொண்டுவந்தார். தடித்த தோல் உறையோடு வைத்திருந்தார். உறையைக் கழற்றியதும் ஏறியது. ஒரு ஒயர் சொருகச் சோம்பல்பட்டா இவ்வளவு விலையில் தட்டு என்று அன்று சிரித்தேன். குணசேகரனின் போன் அந்த வகையைச் சேர்ந்தது. பச்சை பூத்த துளைக்கே வேலையில்லை. கண்ணாடி வழியாக ஏறும்.

பாயைக் கூப்பிட்டேன். நல்லவேளை எடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "நீ அங்கேர்ந்து கிளம்பு, நான் இங்கேர்ந்து கிளம்பறேன். கிளியனூர்ல ரோட்டு மேலயே டீக்கடை இருக்குது, அங்க நில்லும்மா" என்றார்.

பழனி அசையவில்லை. "எவ்ளோ நேரம் ஆகும்?"

"அங்க போக அரை மணி. ஏற ஒரு அரை மணி."

"ஒரு மணி நேரமா? கடல்ல ஆளு தத்தளிச்சிக்கினு இருக்கான். சார்ஜரு இங்க தான தொங்குது. சொருகுங்க மேடம். வந்தா வருது."

அமுதா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க அக்கா. இன்னா பண்றது?"

அந்த நேரத்தில் நமக்கு ஒரு எண்ணம் வரும். இப்படிச் செய்தால் இந்த ஆபத்து, அப்படிச் செய்தால் அந்த ஆபத்து, நீங்களே முடிவு பண்ணுங்கள் என்று சொல்லிவிடலாம் என்று. பிறகு என்ன நடந்தாலும் நம் மேல் வராது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு உப்பைப் பற்றி என்ன தெரியும்? தெரிந்தவர் நான். அவள் தலையில் அதை வைத்தால், தப்பாகப் போனால் ஆயுசுக்கும் அவள் அதைச் சுமப்பாள்.

"சொருக மாட்டேன்" என்றேன். "சொருகினா செத்துப்போக வாய்ப்பு அதிகம். கிளியனூர் போறோம். தப்பானா என்னைக் கேளுங்க."

பழனி சார்ஜரைப் பிடுங்கப் போவது போல ஒரு அடி எடுத்து வைத்தார். அமுதா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வாண்ணா" என்று மட்டும் சொன்னாள்.

என் ஸ்கூட்டரில் பின்னால் அமுதா, பழனி தன் பைக்கில். போனைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். என் இடுப்பைப் பிடித்திருந்த கை வழி முழுக்க இறுகியபடியே இருந்தது. பாய் வண்டி வழியில் நின்றால்? தட்டே கெட்டுப்போயிருந்தால்? பழனி சொன்னது போலச் சொருகியிருந்தால் இந்நேரம் எழுந்திருக்குமோ?

பாய் எங்களுக்குப் பத்து நிமிடம் பின்னால் வந்தார். வேட்டி மடிப்பில் வட்டத் தட்டு. டீக்கடைக்காரரிடம் இரண்டு வார்த்தை சொன்னதும் அவர் மிக்ஸி ஒயரைக் கழற்றிச் சுவிட்சைக் காட்டினார். அங்கே முதல் இடி. பாயின் பிளக் துபாய்ப் பிளக், மூன்று பட்டைக் கால். நம் ஊர்த் துளையில் நுழையவே நுழையாது. வீட்டில் அதற்கென்று வைத்திருந்த மாற்றுப் பிளக்கை அவசரத்தில் விட்டுவிட்டார்.

"யா அல்லா, என் புத்தி" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

தட்டின் ஒயரை மட்டும் உருவி என் சொந்த போனின் சார்ஜரில் சொருகினேன். அது கொஞ்சம் சக்தி குறைந்தது. மெதுவாகத்தான் ஏறும். ஆனால் ஏறும். உறையைக் கழற்றி, போனைத் துடைத்துத் தட்டின் நடுவில் வைத்தேன். தட்டின் ஓரத்தில் சின்னதாக ஒரு நீல விளக்கு எரிந்தது. போனில் ஒன்றும் தெரியவில்லை.

ஒரு நிமிடம். இரண்டு. ஐந்து. பழனி ரோட்டுக்கும் கடைக்கும் நடந்துகொண்டிருந்தார். போனை அரை விரல் இடது பக்கம் நகர்த்தினேன். இன்னும் கொஞ்சம் மேலே. ஏழாவது நிமிடம் திரையில் ஒரு பேட்டரி படம் வந்தது. பூஜ்ஜியம்.

அமுதா வாயைப் பொத்திக்கொண்டாள்.

இரண்டு சதவீதம் ஆனபோது போனைத் தொட்டுப் பார்த்தேன். பின்பக்கம் கொதித்தது. தட்டை விட்டு எடுத்து, கடைக்காரரின் மின்விசிறிக்குக் கீழே பிடித்தேன்.

"ஏன் எடுக்கறீங்க?" பழனி ஓடி வந்தார். "இப்ப தான ஏறுது."

"சூடு. ஈரம் இருக்கற போனு. ரெண்டு நிமிஷம்."

"நீங்க இன்னா மேடம் வெளயாடறீங்களா?"

பாய் அவர் தோளில் கை வைத்தார். "தம்பி, அது அவங்க வேலை. உக்காரு." பழனி உட்காரவில்லை. ஆனால் கத்துவதை நிறுத்தினார்.

மறுபடி வைத்தேன். மூன்று. நான்கு. இப்போது எழுப்பலாமே என்று என் விரலே துடித்தது. எழும்போது போன் நிறையச் சக்தியைக் குடிக்கும். பாதியில் அணைந்தால் உள்ளே எழுதியது கலைந்து, மறுபடி எழாமலே போகலாம். ஆறு வரட்டும் என்று மனதுக்குள் ஒரு எண் வைத்துக்கொண்டேன். ஆறு என்பதற்குப் புத்தகத்தில் எந்தக் கணக்கும் கிடையாது. நாலுக்கும் ஆறுக்கும் நடுவில் இருந்த அந்தப் பத்து நிமிடம் போல ஒரு பத்து நிமிடத்தை நான் அதற்குப் பிறகும் பார்க்கவில்லை.

ஆறு. அழுத்தினேன். எழுந்தது. ஒன்பது புள்ளிகளில் கோடு இழுக்கச் சொல்லிப் பூட்டு நின்றது.

"எனக்குத் தெரியும் அக்கா, டெய்லி பாக்கறேன்" என்று அமுதா விரலை வைத்தாள். தப்பு. மறுபடி. தப்பு. மூன்றாவதும் தப்பு. அவள் விரல் திரையில் வழுக்கியது.

போனை அவளிடமிருந்து மெதுவாக எடுத்துக்கொண்டேன். தொடர்ந்து தப்பானால் உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துவிடும்படி சிலர் வைத்திருப்பார்கள். குணசேகரன் அப்படி வைத்திருந்தாரா என்று எங்களுக்குத் தெரியாது.

"போன விடு. இந்த மேஜ மேல இழுத்துக் காட்டு."

டீ சிந்திய ஈரத்தில் விரலால் இழுத்தாள். மேலே ஒரு கோடு, ஓரமாக இறக்கம், கீழே உள்பக்கம் ஒரு மடக்கு. ஒரு சந்தேகமும் இல்லாமல் இழுத்தாள். மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் அதேதான். அப்படியானால் அவளுக்குத் தெரிந்தது சரி. வேறு எதுவோ தப்பு.

"அமுதா, அவரு இதை இழுக்கும்போது நீ எங்க இருப்ப? பக்கத்துலயா, எதிர்லயா?"

"எதிர்ல தான். அவரு கட்டில்ல உக்காந்து போன மடியில படுக்க வெச்சிருப்பாரு. நான் கீழ வலை கட்டிக்கினு இருப்பேன்."

அவள் தினமும் பார்த்தது தலைகீழாக. போனை அப்படியே திருப்பி, மேல்பக்கம் அவளைப் பார்க்கும்படி நீட்டினேன். "இப்ப இழு. அவரு எதிர்ல உக்காந்திருக்கறாருன்னு நெனச்சிக்க."

இழுத்தாள். திறந்தது.

போட்டோக்களில் ஜிபிஎஸ் திரையின் படங்கள் இருந்தன. பதினோரு பாயிண்ட், எல்லாம் வெறும் எண்கள். சார்ஜ் ஐந்துக்கு இறங்கியிருந்தது. தட்டின்மேலேயே வைத்துக்கொண்டு, டீக்கடைக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் முதலில் பதினொன்றையும் பேனாவால் எழுதினேன். அனுப்புவது, பார்ப்பதெல்லாம் அப்புறம்.

பழனி தாளைப் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது. இப்போது அவர் வேலை. "எந்த வலைய எடுத்துக்கினு போனாரு?" என்று தங்கையைக் கேட்டார்.

"வஞ்சிர வலை. மொத நாளு நான் தான் கிழிசல் பாத்தேன்."

"அப்ப இதெல்லாம் இல்ல. அங்க ஆழம் பத்தாது." எட்டு எண்களை விரலாலேயே தள்ளினார். மிச்சம் மூன்று. அதில் ஒன்றில் ஓர் இலக்கம் ஒன்றா ஏழா என்று எனக்குப் புரியவில்லை, படத்தில் அந்த இடத்தில் ஒரு நீர்த்துளி. நான் யோசிப்பதைப் பார்த்து, "ஒண்ணுன்னா கரைக்குக் கிட்ட வந்துடும். ஏழு தான்" என்றார்.

கரையில் இருந்தவர்களைக் கூப்பிட்டார். நான் ஒவ்வொரு எண்ணாகப் படிக்க, அவர் சொல்ல, அந்தப் பக்கம் திருப்பிச் சொன்னார்கள். இரண்டு தடவை. மணி பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருந்தது. சிக்னல் எட்டும் தூரத்தில் நான்கு படகுகள் இருந்தன. அவை திரும்பின.

அண்ணனும் தங்கையும் அங்கிருந்தே குப்பத்துக்குப் போய்விட்டார்கள். போன் என்னிடமே இருந்தது. பாய் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். குடிக்க முடியவில்லை.

மாலை நாலு மணிக்குப் பழனி கூப்பிட்டார். கடைசியாகச் சொன்ன பாயிண்டில் குணசேகரனின் வலையும் மிதவையும் அப்படியே கிடந்தன. அங்கிருந்து நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கமாகவே போயிருக்கிறார்கள். கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் இருந்தார்கள். குணசேகரனும் வேலுவும்.

"ஏழுமலை மாமா இல்லைங்க" என்றார் பழனி. "கைய விட்டுட்டாரு. வேலு தான் சொன்னான், இன்னிக்கி வெயிலு நல்லா ஏறினப்பறம் தானாம். ஒரு பத்து, பதினொரு மணி இருக்கும்ன்றான்." பிறகு, "நீங்க சொருகாதது நல்லதாப் போச்சு மேடம். நான் கொஞ்சம் பேஜாரு பண்ணிட்டேன். மனசுல வெச்சிக்காதீங்க."

நான் வைத்துக்கொண்டது அதை அல்ல. திங்கட்கிழமை நான் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தால் அந்த எண்கள் ஒரு தாளில் அமுதாவிடம் இருந்திருக்கும். புதன்கிழமை சாயங்காலமே படகுகள் நேராக அங்கே போயிருக்கும். வியாழக்கிழமை காலை எட்டரைக்கு நான் கொடுத்திருந்தால்கூட, பதினோரு மணிக்குள் போய்ச் சேர்ந்திருப்பார்கள். கிளியனூரில் நான் எடுத்த முடிவுகள் எல்லாம் சரி. ஆனால் அவற்றை எடுக்க வேண்டிய நிலையை நானேதான் உண்டாக்கினேன். எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். பாயின் மகன் துபாயிலிருந்து கூப்பிட்டுப் பேசினான். ஒவ்வொரு பாராட்டுக்கும் நான் அந்த மணிக்கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு, நகல் எடுக்காமல் ஒரு போனையும் நான் வாங்கி வைத்ததில்லை. வேண்டாம் என்பவர்களை உட்கார வைத்து, அவர்கள் கையாலேயே எடுக்கச் சொல்லி, நான் வெளியே போய் நின்றிருக்கிறேன். கடையில் கூட்டம் முணுமுணுக்கும். முணுமுணுக்கட்டும். நீங்களும் அப்படியே செய்யுங்கள். உங்களிடம் நான் கேட்பது அது ஒன்றுதான்.

இருபது நாள் கழித்துக் குணசேகரன் போனை வாங்க வந்தார். அமுதாவும் கூட வந்திருந்தாள். அவருடைய உள்ளங்கைகளில் தோல் உரிந்து புதுத்தோல் இளஞ்சிவப்பாக வந்துகொண்டிருந்தது. துளையை மாற்றி, சுத்தம் செய்து வைத்திருந்தேன். அவர் ஒயரைச் சொருகிப் பார்த்துத் தலையாட்டினார்.

சொல்லாமல் விட்டுவிடலாம் என்று அந்தக் கணத்தில் தோன்றியது. சொன்னேன்.

"அன்னிக்கி நீங்க வந்தப்பவே போன்ல சார்ஜ் இருந்திச்சிங்க. நான் உங்களையே உக்கார வெச்சி காப்பி எடுத்திருக்கணும். செய்யல. எடுத்திருந்தா ஏழுமலை இருந்திருப்பாரு."

அவர் போனைப் பார்த்தபடியே இருந்தார். கடைக்கு வெளியே ஒரு பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டே திரும்பியது.

"யாரும் பாக்க வேணாம்னு சொன்னது நான் தானுங்க" என்றார். பிறகு, "அதுவும் இல்லாம ஏழுமலையண்ணன் பகல்ல போவல. விடியறதுக்கு முன்னாடியே கைய விட்டுட்டாரு. இருட்டுல. நீங்க எப்ப குடுத்திருந்தாலும் ஆவாது."

"வேலு வேற மாதிரி சொன்னதா..."

"அவனுக்கு நெனப்பே இல்லைங்க அப்ப. நான் தான பக்கத்துல இருந்தேன்."

நான் அமுதாவைப் பார்த்தேன். அவள் கணவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

"அந்தப் பதினொண்ணையும் ஒரு தாள்ல அடிச்சிக் குடுங்க" என்றார் குணசேகரன். "இவ கிட்ட இருக்கட்டும்."

பிரிண்ட் எடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு அமுதாவிடம் கொடுத்தேன். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். இருவரும் பேருந்து நிலையத்தின் பக்கம் நடந்தார்கள்.

ஏழுமலை கையை விட்டது இருட்டிலா பகலிலா என்று வேலுவை ஒரு முறை பார்த்துக் கேட்டிருக்கலாம். மரக்காணம் அப்படி ஒன்றும் தூரம் இல்லை. அதற்குப் பிறகு நான் கடை நடத்திய எத்தனையோ வருடத்தில் ஒரு நாளும் போகவில்லை.